சீருடை நிறத்தில் ஒரு பருத்திச் சேலை

பழவங்காடி கணபதி கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஒரு துணிக்கடையில், கீழ்த்தளத்துப் பருத்திப் பிரிவில், பதினான்கு வருடமாக நிற்கிறேன். கைத்தறிச் சேலை, இரண்டு துண்டாக உடுத்தும் செட்டு முண்டு, வேட்டி, துண்டு எல்லாம் என் பக்கம். கேட்டு வருகிறவர்களிடம் துணியைப் பிரித்துக் கொடுத்து, உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்வேன். வியர்வையை இழுத்துக்கொள்ளும், காற்றுப் புகும், நாலு தடவை அலசினால் இன்னும் பதமாக வரும் என்று சொல்வேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாலு வருடத்துக்கு முன்பு வரை அதைச் சொல்லும்போதெல்லாம் நான் உடுத்தியிருந்தது பாலியெஸ்டர்.

அது கடையின் சீருடை. மெரூன் நிறம், ஓரத்தில் தங்க நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு. பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு சேலை கொடுத்தார்கள். முதலில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கசங்காது. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். அலசிக் கொடியில் போட்டுவிட்டுக் காப்பி குடித்து வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். காலையில் என்ன உடுத்துவது என்று அலமாரி முன்னால் நிற்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

நாற்பத்தேழாவது வயதில் அந்த நிம்மதி போயிற்று. ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மாவுக்கு வேட்டி எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறியது. யாரோ அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நிமிடம். பிறகு வியர்வை. முதுகில் வழிந்து இடுப்பில் கொசுவம் செருகிய இடத்தில் போய்த் தேங்கி நின்றது. அந்தச் சேலை அதை உள்ளே இழுக்கவும் இல்லை, வெளியே விடவும் இல்லை. அன்று மட்டும் இரண்டு முறை அப்படி வந்தது. அடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஏசி காற்று வருகிற தூணுக்குப் பக்கம் போவேன். அங்கே ஆள் வந்தால் மறுபடி என் இடத்துக்கு வருவேன். தேவையில்லாமல் மாடிப்படி ஏறி இறங்குவேன். குளியலறைக்குப் போய்க் கழுத்தில் தண்ணீரைத் தட்டிக்கொண்டு வருவேன். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்து, தொட்டாலே எரிந்தது. சொறியக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருப்பார். என் கவனம் முழுக்க இடுப்பில் இருக்கும்.

கரமனையில் ஆற்றுக்குப் போகும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். அவர் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குப் போகும் வெல்டர். அவருக்கும் சீருடை உண்டு. தடித்த நீலப் பருத்தி. அங்கே அது சட்டம். பருத்தி தவிர வேறு எதையும் உடம்பில் போட்டுக்கொண்டு வெல்டிங் பக்கம் போக விடமாட்டார்கள். முன்பு அவர் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் உள்ளே பளபளப்பான பனியன் போட்டுக்கொண்டு வேலை செய்தாராம். ஒரு பொறி காலர் வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. பருத்தி என்றால் கருகி ஓட்டை விழும், தட்டிவிடலாம். அந்த பனியன் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் துணி எது, தோல் எது என்று பிரிப்பதற்கே வெகுநேரம் ஆயிற்று என்று அவர் சொல்லும்போதெல்லாம் தன் கழுத்தைத் தடவிக்கொள்வார்.

அதனால் என் சீருடையைக் கட்டிக்கொண்டு நான் அடுப்புப் பக்கம் போக அவர் விடுவதில்லை. காலையில் பழைய நைட்டியில் சமையலை முடித்துவிட்டுத்தான் சேலை மாற்ற வேண்டும். எங்கள் கொடியில் அவருடைய நீலச் சட்டை மூன்று நாள் ஈரத்தோடு தொங்கும். என் சேலை அரை மணி நேரத்தில் காய்ந்து காற்றில் பறக்கும். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பருத்தி கட்டாயம், இன்னொருவருக்கு பாலியெஸ்டர் கட்டாயம்.

“ஏன் இப்பிடிக் கெடந்து பரபரக்கே? ஒரு எடத்துல இரியேன்” என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். அன்று காலையிலிருந்து நான் மூன்று முறை உடை மாற்றியிருந்தேன். எனக்கே அது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தோல் டாக்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. இடுப்பைப் பார்த்தார், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், வருவதில்லை என்றேன். இந்த வயதில் வரும் சூடுதான், போகும்போது போகும் என்றார். தடிப்புக்கு ஒரு களிம்பு எழுதினார். துணியில் விஷம் ஒன்றும் இல்லை, வியர்வை போக வழியில்லாமல் அங்கேயே நின்று, அதன் மேல் துணி உரசிக்கொண்டே இருப்பதுதான் காரணம், கொஞ்ச நாள் பருத்தி மட்டும் தளர்வாக உடுத்துங்கள் என்றார். எங்கே வேலை என்று கேட்டார். துணிக்கடையில் பருத்திப் பிரிவில் என்று சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கடையில் முப்பது வருடம் இருக்கிறவர், குரலை உயர்த்தாத மனிதர். எங்களோடு மலையாளம் கலந்த தமிழில்தான் பேசுவார். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், சீருடை என்று வைத்தபின் அதில் பேச்சில்லை என்று மரியாதையாகச் சொல்லி முடித்துவிட்டார். டாக்டர் சொன்ன விவரத்தை நான் முழுதாகச் சொல்லவில்லை. ஆண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். உள்ளே பருத்திப் பாவாடை கட்டிப் பாருங்கள் என்றார். அதைத்தான் நான் மூன்று மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க என் மூளை ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவிலேயே இரண்டு மெல்லிய வெள்ளைப் பருத்திச் சேலைகள் எடுத்தேன். சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சாயம் முக்குகிறவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய், சீருடையின் துண்டு ஒன்றைக் காட்டி, இதே மெரூன் வேண்டும் என்றேன். அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நிறம் வந்துவிடும், பளபளப்பு வராது என்றார். பளபளப்பு வேண்டாம் என்றேன். சாயம் ஏற்றித் திருப்பிக் கொடுக்கும்போது, மூன்று தடவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு தடவையும் நிழலில் உலர்த்தி, அதற்குப் பிறகுதான் உடுத்த வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

பழைய சீருடை ஒன்றிலிருந்து தங்கக் கோட்டு ஓரத்தை வெட்டி, அதைப் பருத்திச் சேலையில் வைத்துத் தைக்கச் சொல்லித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும், இது சுருங்காது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். பரவாயில்லை, தையுங்கள் என்றேன்.

மூன்று முறை ஊறவைக்க வேண்டிய சேலையை ஒரு முறைதான் ஊறவைத்தேன். என்னால் காத்திருக்க முடியவில்லை.

முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் நிற்கிறவளின் இடுப்புக்குக் கீழே யார் பார்க்கிறார்கள்? பதினொரு மணிக்குச் சூடு வந்தது. வியர்த்தது. ஆனால் வியர்வை எங்கும் தேங்கவில்லை. முதுகுப் பக்கம் சேலை நனைந்து, ஃபேன் காற்று பட்டபோது குளிர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன்.

கண்டுபிடித்தது ஒருத்திதான். எனக்குப் பக்கத்து மேஜையில் சுடிதார் துணி விற்கிறவள். குழித்துறைப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், மணக்காட்டில் ஒரு விடுதியில் தங்கி வேலைக்கு வருகிறாள். மத்தியானம் சாப்பிடும்போது என் முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் இருவருக்குள்ளும் அது ரகசியமாக இருந்தது. மேனேஜர் வரும்போது தொண்டையைச் செருமி எனக்குத் தெரிவிப்பாள்.

வீட்டில் அலசும் ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீர் சிவந்தது. தையல்காரர் சொன்னபடியே ஓரம் சுருங்கி நெளிந்தது. இரண்டையும் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தேன்.

பதினோராவது நாள் மழை. இடவப்பாதி என்னும் பருவமழை ஆரம்பித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கிழக்கே கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கணுக்கால் வரை தண்ணீர். காற்று குடையை மடக்கிவிட்டது. கடைக்குள் வரும்போது இடது தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது. ஃபேனுக்குக் கீழே நின்று காயவைத்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு அம்மாவும், மணப்பெண்ணும், கூட இரண்டு பேரும். கசவு என்னும் சரிகைக் கரை வைத்த செட்டு முண்டு வேண்டும் என்றார்கள்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். சேலையோ முண்டோ, பிரித்து மேஜையில் போட்டால் மட்டும் போதாது. நம் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். அப்போதுதான் உடுத்தினால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கசவு அகலமாக வைத்த ஒன்றைப் பிரித்து, அதன் மேல்முண்டை என் இடது தோளில் போட்டு, முன்னால் மடிப்பு வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கசவு போதுமா, இன்னும் வேண்டுமா என்று வெகுநேரம் பேசினார்கள். நானும் பேசினேன்.

எடுத்து மடிக்கும்போது மணப்பெண்தான் முதலில் பார்த்தாள். இந்த ரோஸ் நிறம் நன்றாக இருக்கிறதே, இது டிசைனா என்று கேட்டாள். நான் குனிந்து பார்த்தேன். வெண்ணெய் நிறத் துணியில், என் தோள் பட்ட இடத்தில், கையகலத்துக்கு மெரூன் இறங்கியிருந்தது. அதன் விளிம்பு இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். துணியைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், பிறகு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு என்று எடுத்த முதல் துணியில் கறை. அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேஜைப் பெண் ஓடிவந்து அதே போல் இன்னொன்றை எடுத்துப் பிரித்து, தன் தோளில் போட்டுக் காட்டினாள். அவளுடைய பாலியெஸ்டர் தோளில் அது சுத்தமாகக் கிடந்தது. அவர்கள் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். கறை பட்டதை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் என் முந்தானை நுனியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“இது நம்ம சேலை அல்லல்லோ. எத்தனை நாளாச்சு?”

“இன்னையோட பதினொண்ணு சார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பதினோரு நாள் என் கண்ணுல படலை. முப்பது வருஷம் துணியில நிக்கறேன், அல்லே?” என்றார். கோபத்தைவிட அவருக்கு வருத்தம்தான் அதிகம் இருந்தது. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குள் இருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. டாக்டர் சொன்னது, சூடு வருவது, சாயம் முக்கினது, மூன்று தடவை ஊறவைக்காதது. எந்த வயதில் வரும் சூடு என்று சொல்லாமல் சுற்றி வளைத்தேன். அவர் நடுவில் நிறுத்தினார். தன் வீட்டிலும் இதே கதைதான், மனைவி ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறாள், என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டால் அழுகிறாள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

அவர் முதலாளியிடம் பேசினார். என்ன சொன்னார் என்று தெரியாது. பத்து நாளில் உத்தரவு வந்தது. பருத்திக் கடை என்று பேர் வாங்கியிருக்கிறோம், இனி பெண்கள் எல்லோருக்கும் சீருடை பருத்தி. ஆளுக்கு இரண்டு. சாயம் போகாத நல்ல மெரூன். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கசங்கலில்லாமல் உடுத்தி வர வேண்டும்.

எல்லோருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டதாகவே அந்த ஒரு வாரம் நடந்துகொண்டிருந்தேன்.

ஆடி பிறந்தது. இங்கே அதைக் கர்க்கடகம் என்பார்கள். வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும் மாதம். எங்கள் வீட்டிலேயே சேலை இரண்டு நாள் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துப் போட்டேன். அவருடைய நீலச் சட்டைகளும் என் சேலைகளும் வீடு முழுக்கத் தொங்க, குனிந்து குனிந்து நடந்தோம். ஈரத்தோடு இஸ்திரி போட்டால் ஒரு புழுங்கல் வாடை வந்தது. சூடு மட்டும் தாங்கக்கூடியதாக இருந்தது, இடுப்பு ஆறிவிட்டது. அதனால் நான் குறை சொல்லவில்லை.

மற்றவர்கள் சொன்னார்கள். என் காதுபடச் சொல்லவில்லை. நான் சாப்பிடப் போனால் பேச்சு நின்றது. மாடியில் பட்டுப் பிரிவில் இருந்த ஒருத்தி, சேலை கசங்கியிருந்ததற்காக இரண்டு முறை வாசலில் நிறுத்தப்பட்டாள். பக்கத்து மேஜைப் பெண் என்னோடு சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு நாள் அவள் உடுத்தியிருந்த சேலை ஈரம் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஏசிக் காற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். சேலை காயவில்லையா என்று கேட்டேன்.

“எனக்க ரூம்ல நாலு பேருக்கு ஒரு கயிறுதான் அக்கா. இஸ்திரிப்பெட்டி வச்சா வார்டன் எடுத்துட்டுப் போயிருவா” என்றாள். சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரல் மாறியது. “பழசு எனக்கு சொகமா இருந்துது. சாயங்காலம் அலசிப் போடுவேன், காலைல எடுத்து உடுத்துவேன். இப்ப கடைக்கும் வேலை பாக்கேன், சேலைக்கும் வேலை பாக்கேன். ஒங்களுக்கு ஒத்துக்கலன்னு நீங்க கேட்டீங்க. எங்ககிட்ட யாரு கேட்டா?”

நான் உன் சேலையைக் கொடு, வீட்டில் தேய்த்துக் கொண்டுவருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக்கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு மணக்காட்டு விடுதிக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

சின்ன அறை. நாலு கட்டில். ஜன்னலிலிருந்து கதவு வரை ஒரு கயிறு. அதில் இரண்டு மெரூன் சேலைகள், இரட்டையாக மடித்துப் போட இடமில்லாமல் நாலாக மடித்துத் தொங்கின. அவற்றுக்குக் கீழே அவளுடைய கட்டில். மெத்தையின் கால்மாட்டில் ஈரம் பட்டிருந்தது. அறையில் காயாத துணியின் வாடை. மற்ற மூன்று பெண்களும் அவரவர் கட்டிலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து, இருங்க அக்கா என்று இடம் விட்டாள். கஞ்சியைக் குடித்தாள். சேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் கயிற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். தலைக்கு மேல் தொங்குவதை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் தன் சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பருத்தி கட்டாயம் என்றால் அங்கே தீப்பொறி இருக்கிறது, அந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். 

திங்கட்கிழமை கடை திறந்ததும் மேனேஜர் அறைக்குப் போனேன். பழைய சீருடை வேண்டும் என்கிறவர்களுக்கு அதையே கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஒங்களுக்கு என்னதான் வேணும்? அன்னைக்கு பருத்தின்னு சொல்லிக் கலகம். இன்னைக்கு பாலியெஸ்டர்ன்னு சொல்லிக் கலகம்.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். அவங்கவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாப் போதும்” என்றேன்.

ஒரு வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் ஒரு தாள் சுற்றி வந்தது. பெயருக்கு நேரே பருத்தியா மற்றதா என்று எழுத வேண்டும். பாதிக்கு மேல் மற்றது என்று எழுதினார்கள். எனக்கு அது அடிபட்ட மாதிரி இருந்தது. பட்டுப் பிரிவுக்காரி, தன் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, இஸ்திரிக்காரர் வாசலுக்கே வருகிறார் என்று சொல்லிப் பருத்தி எழுதினாள். இரண்டு முறை வாசலில் நின்றவள் அவள்தான். குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஒருத்தி பருத்தி எழுதிவிட்டு, அடித்துவிட்டு, மறுபடி பருத்தி எழுதினாள். யார் எதை எழுதுவார்கள் என்று நான் நினைத்தது ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

முதலாளிக்கு இரண்டு வகை பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மெரூன் மின்னும், இன்னொன்று மின்னாது. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

குழித்துறைப் பெண் காய்ச்சல் தேறி வந்து, பழைய சேலையில் நின்றாள். வந்த அன்று, மேனேஜரிடம் போனீங்களாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினாள். எங்களுக்குள் பழையபடி சிரிப்பு வர ஓணம் தாண்ட வேண்டியிருந்தது. வந்த பிறகும் அது முன்பு இருந்த சிரிப்பாக இல்லை. என்னிடம் எதையும் யோசித்துச் சொல்கிறவளாக மாறியிருந்தாள். போன வருடம் கல்யாணமாகி மார்த்தாண்டத்துக்குப் போனாள். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, நல்லாருக்கீங்களா அக்கா என்று கேட்டாள். நல்லாருக்கேன் என்றேன்.

என் வியாபாரமும் மாறிப்போயிற்று. தினமும் உடுத்தப் பருத்தி நல்லதா, மற்றது நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு முன்பெல்லாம் யோசிக்காமல் சொல்வேன். இப்போது எங்கே காயப்போடுவீங்க, யார் தேய்ப்பா, சமையல் யார் செய்யுறா என்று நானே நாலு கேள்வி கேட்கிறேன். சிலர் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். சிலருக்கு எரிச்சல் வரும். துணி வாங்க வந்தால் வீட்டு விவரம் எதற்கு என்று ஒரு அம்மா வேறு மேஜைக்குப் போய்விட்டார். அவர் போனது சரிதான் என்றும் தோன்றியது. இன்னொரு தடவை, பஸ்ஸில் தினமும் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்துபோகிற ஒரு டீச்சருக்கு இரண்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று.

சூடு வருவது ஒன்றரை வருடத்தில் குறைந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுவிட்டது. இடுப்பில் ஒரு கறுப்பு வளையம் மட்டும் மிச்சம். ஆனால் அந்த நாட்களில் உடம்புக்கு வந்த பழக்கம் போகவில்லை. இன்னும் நான் மேஜைக்கும் தூணுக்கும் நடுவில் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். ஒரு இடத்தில் இரு என்று வீட்டில் அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

இந்த வருடம் முதலாளியின் மகள் கடைப் பொறுப்புக்கு வந்தார். வந்த மாதமே சேலை போய்ச் சுடிதார் சீருடை. சாம்பல் நிறம், பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணி. யாரிடமும் கேட்கவில்லை, தாள் எதுவும் சுற்றி வரவில்லை. ஒரு காலை வந்தபோது ஆளுக்கு ஒரு பை மேஜையில் இருந்தது. நாற்பது வருடம் சேலையும் பாவாடையுமாக நின்ற கால்களுக்கு முதல் இரண்டு நாள் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அது குத்தவில்லை. எரியவில்லை. மழையில் நனைந்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. இஸ்திரி போட்டால் நல்லது, போடாவிட்டாலும் யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. மேனேஜர் துணியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

எல்லோரும் பரவாயில்லை என்றார்கள். நானும் சொன்னேன். ஆனாலும் காலையில் அதை மாட்டிக்கொள்ளும்போது ஒரு எரிச்சல் வருகிறது. துணியில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைப் போய் முதலாளியின் மகளிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை மாடிப்படி ஏறி, அவருடைய அறைக் கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். நேற்றும் போனேன். கதவு திறந்திருந்தது. என்ன வேண்டும் அக்கா என்று கேட்டார். மேல் தட்டிலிருந்து வேட்டிக் கட்டு எடுக்க ஏணி வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.